தலையற்ற பொறியும் முதற் கட்டளையும்
திரையில்லாக் கணினியிற் பணிசெயல் முறைமையைத் தொலைவிலிருந்து நிறுவுதல் பற்றிய சில குறிப்புகள்

1

கணினி என்னும் சொல்லைக் கேட்டதும் எமது மனக்கண்முன் தோன்றுவது ஒரு திரையே. எழுத்துக்களும் படங்களும் தோன்றும் இடம் அதுவாகையால், கணினியின் செயல் முழுவதும் அத்திரையிலேயே நிகழ்கின்றது என்ற எண்ணம் இயல்பாக ஏற்பட்டுவிடுகின்றது. உண்மை நிலை வேறு. இன்று இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளிற் பெருந்தொகையானவை திரையே இல்லாதவை. வங்கிக் கணக்குகளைப் பேணும் சேவையகங்கள், வீடுகளில் இணைய இணைப்பைப் பங்கிடும் வழிப்படுத்திகள், நூலக நிறுவனம் 2005 ஆம் ஆண்டு தொடக்கம் எண்ணிமப்படுத்திவரும் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வாசகனுக்கு வழங்கும் சேவையகங்கள் ஆகியன யாவும் இவ்வகையின. ஆங்கிலத் தொழில்வழக்கு இவற்றைத் 'தலையற்ற' பொறிகள் எனக் குறிப்பிடும்.

தலையற்ற பொறிக்கும் பணிசெயல் முறைமை வேண்டும். அம்முறைமையை நிறுவும் நிரலோ வினாக்களை எழுப்பி விடைகளை எதிர்பார்ப்பது. எம்மொழியிற் பேசுவது, எந்த வன்றட்டை அழிப்பது, கடவுச்சொல் யாது என்பனவற்றை அது கேட்டேயாக வேண்டும். திரையும் விசைப்பலகையும் இல்லாவிடின் அது யாரிடம் கேட்பது? விடை எங்கிருந்து வருவது? வந்த விடை உரியவரிடமிருந்துதான் வந்தது என்பதை அது எவ்வாறு அறிவது?

இவ்வினாக்கள் பொறியியலாளர்க்கு மட்டும் உரியன எனக் கருதி இலக்கிய மாணவர் ஒதுங்கிக்கொள்வது இன்றைய நிலையிற் பொருத்தமன்று. எழுதப்பட்டவை அனைத்தும் இத்தகைய பொறிகளிலேயே சேமிக்கப்படும் காலத்தில், அப்பொறிக்கு முதற் கட்டளையை இடும் ஆற்றல் எவரிடம் உள்ளதோ அவரே சேகரத்தின் கதியையும் தீர்மானிப்பவராகின்றார். திரையில்லா நிறுவலின் மையப் பிரச்சினை காட்சி பற்றியதன்று, அதிகாரம் பற்றியது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அதனை நிலைநாட்டுவதற்கு, நிறுவல் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் படிப்படியாக விளக்குதல் அவசியமாகின்றது.

2

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். திரை கணினியுடன் கூடப் பிறந்ததன்று. 1969 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் முறைமையை உருவாக்கத் தொடங்கியபோது, அவர்கள் பொறியுடன் உரையாடியது தொலையச்சுப் பொறியின் மூலமாகும். விசைகளை அழுத்தினால் எழுத்துக்கள் வடத்தின்வழி கணினியைச் சென்றடையும். கணினியின் மறுமொழி தாள்மீது அச்சாகும். பேசும் கருவியும் கணக்கிடும் பொறியும் வெவ்வேறாக இருந்தமையால், அவற்றுக்கிடையே வடம் எவ்வளவு நீளமானது என்பது முக்கியமற்ற விடயமாக இருந்தது. யுனிக்ஸ் மரபில் வந்த முறைமைகளில் முனையத்தைக் குறிக்க இன்றும் வழங்கும் 'ரி.ரி.வை.' என்னும் குறியீடு தொலையச்சு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே.

1981 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியை வெளியிட்டது. பெட்டி, திரை, விசைப்பலகை ஆகிய மூன்றும் ஒரே மேசையில், ஒரே மனிதனின் முன்னால் அமைந்தன. இந்த ஏற்பாடு விரைவிற் பொதுவழக்காயிற்று. பொறியின் முன்னால் எப்போதும் ஒருவர் அமர்ந்திருப்பார் என்ற எடுகோள் அப்பொறியின் அடிநிலை நிரலுக்குள்ளும் புகுந்தது. விசைப்பலகை பொருத்தப்படவில்லை, தொடர்வதற்கு எவ்-1 விசையை அழுத்துக என்று அறிவித்துவிட்டுக் காத்து நின்ற கணினிகளைப் பலர் கண்டிருப்பர். நகைப்புக்கிடமானதாயினும் அவ்வறிவித்தல் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. குறிப்பிட்ட ஓர் உற்பத்திச் சூழலின் பழக்கம் பொறியின் இயல்பாகவே கருதப்படத் தொடங்கிவிட்டது என்பதே அவ்வுண்மை.

எனவே திரையில்லா நிறுவல் என்பது முற்றிலும் புதிய வித்தையன்று. பேசும் கருவியையும் கணக்கிடும் பொறியையும் மீண்டும் பிரிப்பதே அது. ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. அன்றைய வடத்தின் மறுமுனையில் இருந்தவர் அதே கட்டடத்தில் இருப்பவராகவோ, இன்னாரென அறியப்பட்டவராகவோ இருந்தார். இன்றைய வடம் உலகளாவியது. அதன் மறுமுனையில் எவரும் இருக்கலாம்.

3

மின்னூட்டப்பட்ட கணம் தொடக்கம் முறைமை நிறுவப்படும் வரை நிகழ்வன யாவை என்பதை இனி நோக்கலாம்.

கணினியின் நினைவகம் தொடக்கத்தில் வெறுமையானது. ஒரு நிரலை வன்றட்டிலிருந்து படிப்பதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்நிரலைப் படிப்பதற்கு யாது வழி? இந்தச் சிக்கலைக் குறிக்கவே ஆங்கிலத்தில் 'பூட்ஸ்ட்ராப்' என்ற உருவகம் எழுந்தது. தனது சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். கணினியைத் தொடக்குதலைக் குறிக்கும் 'பூட்' என்னும் வழக்கு இதன் சுருக்கமாகும். உருவகம் கவர்ச்சியானதே, ஆனால் உண்மையை மறைப்பது. எந்தப் பொறியும் தன்னைத் தானே தூக்கியதில்லை. தொழிற்சாலையில் ஒருவர் எழுதிப் பதித்த நிலைபொருள் என்னும் சிறு நிரல் தாய்ப்பலகையில் முன்னரே உள்ளது. அது அடுத்த நிரலாகிய ஏற்றியைத் தேடிக் கொணர்கின்றது. ஏற்றி கருநிரலைக் கொணர்கின்றது. கருநிரல் நிறுவியை இயக்குகின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் சிறியது தன்னிலும் பெரியதை அழைத்துவந்து அதிகாரத்தைக் கையளித்துவிட்டு விலகுகின்றது.

இச்சங்கிலி முழுவதும் பொறிக்கு உள்ளேயே அமைய வேண்டும் என்ற நியதி இல்லை. ஏற்றியையும் கருநிரலையும் வலையமைப்பின் ஊடாகவும் பெறலாம். இதற்கான உடன்படிக்கைகள் படிப்படியாக உருவாயின. கோப்புகளை எளிமையாக இடமாற்றும் ரி.எவ்.ரி.பி. 1981 இலும், வட்டில்லாப் பொறிகள் தமக்குரிய முகவரியைக் கேட்டறியும் பூற்பி 1985 இலும், அதன் வழித்தோன்றலான டி.எச்.சி.பி. 1993 இலும் ஆவணப்படுத்தப்பட்டன. இவற்றைத் தனியாட் கணினியின் நிலைபொருளுடன் இணைத்துப் பி.எக்ஸ்.ஈ. என்னும் நியமமாக இன்ரெல் நிறுவனம் 1990 களின் பிற்பகுதியில் வெளியிட்டது.

இதன் செயன்முறை வருமாறு. மின்னூட்டப்பட்ட பொறிக்குத் தன் வலையமைப்பு முகவரி தெரியாது. யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. ஆகவே அது அவ்வலையமைப்பிலுள்ள அனைவரையும் விளித்து, தனது வன்பொருள் அடையாளமாகிய 48 துணுக்கு எண்ணைக் கூறி, தனக்கொரு முகவரி தருமாறு வேண்டுகின்றது. டி.எச்.சி.பி. சேவையகம் அதற்கு முகவரியொன்றையும், எந்த இடத்திலிருந்து எந்தக் கோப்பைப் பெறவேண்டும் என்ற தகவலையும் அனுப்புகின்றது. பொறி அக்கோப்பை ரி.எவ்.ரி.பி. வழியாக, வழக்கமாக 512 பைற்றுகள் கொண்ட துண்டங்களாகப் பெற்று நினைவகத்தில் இட்டு, அதனிடம் தன்னை ஒப்படைக்கின்றது.

இங்கு ஒரு விடயம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மறுமொழி தந்தவர் யார் என்று பொறி வினவுவதில்லை. ரி.எவ்.ரி.பி. உடன்படிக்கையிற் கடவுச்சொல்லோ கையொப்பமோ இல்லை. வெறுமையான பொறி, முந்தி விடையளிப்பவருக்குக் கீழ்ப்படிகின்றது. ஓர் அறைக்குள், ஒருவரையொருவர் அறிந்தோர் பயன்படுத்துவதற்கென எழுந்த ஏற்பாடு அது. அந்தச் சமூகச் சூழல் மறைந்தபின்னும் ஏற்பாடு நிலைத்து நிற்கின்றது. இதனாலேயே, வலையமைப்புவழி நிறுவலை வேறெவரும் இணைந்திராத தனி வலையமைப்பொன்றில் மட்டுமே செய்தல் வேண்டும் என அனுபவமுடையோர் வற்புறுத்துவர். தொடக்கு நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடுகள் பின்னர் வந்துள்ளன. எனினும் எவரது கையொப்பம் ஏற்கத்தக்கது என்பதை முதலில் எழுதிவைப்பவர் தாய்ப்பலகையை ஆக்குபவரே.

ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் தொலைதூரப் பொறியில் வேறொரு முறைமையை நிறுவ நேரின் மற்றொரு வழியுண்டு. 2005 இல் லினக்ஸ் கருநிரலிற் சேர்க்கப்பட்ட 'கெக்செக்' என்னும் வசதி, நிலைபொருளிடம் திரும்பிச் செல்லாமலே ஒரு கருநிரலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இடமளிக்கின்றது. நிறுவி முழுவதையும் நினைவகத்திற் குடியமர்த்திவிட்டால் வன்றட்டு விடுபடுகின்றது. அதனை அழித்துப் புதிதாக எழுதலாம். நிற்கும் கிளையை வெட்டுமுன் வேறு கிளைக்கு மாறிக்கொள்வது போன்றது இது. ஆனால் வலையமைப்புத் தகவலில் ஓரெண் பிழைத்தாலும் பொறி மௌனமாகிவிடும். அது பழுதடைந்திராது, ஓடிக்கொண்டேயிருக்கும். அதனுடன் பேசும் வழி மட்டும் அற்றுப்போயிருக்கும். ஒருவர் நேரிற் சென்று தொடும்வரை அம்மௌனம் நீங்காது.

4

நிறுவி இயங்கத் தொடங்கியதும் வினாக்கள் எழுகின்றன. திரையில்லாவிடத்து அவற்றுக்கு விடையளிக்க இரு வழிகள் உள. ஒன்று, வினாக்கள் அனைத்தையும் முன்னுணர்ந்து விடைகளைக் கோப்பொன்றில் எழுதி நிறுவியிடம் முற்கூட்டியே கொடுத்துவிடுதல். மற்றையது, நிறுவியின் உரையாடலையே வலையமைப்பின் ஊடாகத் தன்னிடத்துக்கு வரவழைத்துக்கொள்ளுதல். 1993 இல் அமெரிக்காவில் இயன் மேர்டொக் தொடக்கிவைத்து, இன்று உலகெங்குமுள்ள தன்னார்வலர்களால் நடத்தப்படும் டெபியன் திட்டத்தின் நிறுவியில் இவ்விரண்டும் உள்ளன. இயலுமாயின் இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவதே சிறந்தது. முகவரி, மொழி, தொலைக் கடவுச்சொல் ஆகிய தொடக்க விடைகளைக் கோப்பில் எழுதிவைத்து, நிறுவி வலையமைப்பில் இணைந்தபின் எஞ்சியவற்றை நேரே உரையாடித் தீர்த்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசகர் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தியொன்று இவ்விடத்தில் உண்டு. டெபியன் நிறுவி தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ஆயின் அத்தமிழ், 2007 இல் வெளிவந்த நான்காம் பதிப்புடன் அறிமுகமான வரைகலை முகப்பிற்கே உரியது. எழுத்துக்களால் மட்டும் இயங்கும் முகப்பில் தமிழ் தெரிவாக வழங்கப்படுவதில்லை. திரையில்லாப் பொறியை நிறுவுவோர்க்குக் கிடைப்பதோ பெரும்பாலும் இந்த எழுத்து முகப்பே.

இதற்குக் காரணம் யாது? எழுத்து முனையம் தொலையச்சின் வாரிசு. பக்கத்தைச் சம அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓரெழுத்து என்ற விதியின்படி அது இயங்குகின்றது. உரோம எழுத்துக்களைத் தட்டச்சிட எழுந்த இவ்விதி தமிழுக்குப் பொருந்துவதில்லை. ரகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரே அகலத்தை விதிக்க முடியாது. 'கொ' என்னும் எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. சேமிக்கப்படும் வரிசை ஒன்று, கண்ணுக்குத் தோன்றும் வரிசை வேறு. இவற்றை ஒழுங்குபடுத்தி வரைவதற்கு வேண்டிய ஆற்றல் கட்டங்களாலான முனையத்தில் இல்லை. தமிழ் 1991 இல் யுனிகோட் நியமத்தின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. எண்களாகச் சேமிக்கப்படும் உரிமை கிட்டியபின்னரும், பொறியுடன் முதன்முதலாகப் பேசும் இடத்தில் எமது மொழிக்கு வாயில் திறக்கவில்லை. தொழினுட்ப நியமங்கள் நடுநிலையானவை என்ற கருத்தை மறுபரிசீலனை செய்வதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஒரு நியமம் எந்தச் சமூகத்தின் எழுதுகருவியிலிருந்து பிறந்ததோ, அச்சமூகத்தின் எல்லைகளையும் அது தன்னுடன் எடுத்துச் செல்கின்றது.

5

தொலை உரையாடலுக்கு இன்று பெரிதும் பயன்படுவது எஸ்.எஸ்.எச். என்னும் ஏற்பாடாகும். இதற்கு முன்னர் வழங்கிய ரெல்நெற் முறையிற் கடவுச்சொல் உள்ளவாறே வடத்திற் பயணித்தது. இடையில் ஒட்டுக்கேட்பவர் அதனை எளிதிற் பெற்றுவிடலாம். ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் அவ்வாறு களவாடப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு ஆய்வாளராகவிருந்த தாத்து இலோனென் 1995 இல் எஸ்.எஸ்.எச். நிரலை எழுதி வெளியிட்டார். உரையாடல் முழுவதையும் மறைகுறியாக்கிக் காப்பது அதன் பணி.

மறைகுறியாக்கம் மட்டும் போதியதன்று. மறைவாகப் பேசுவது உரிய பொறியுடன்தானா என்பதையும் அறிதல் வேண்டும். இதற்கென ஒவ்வொரு பொறியும் தனக்கேயுரிய திறவுகோலொன்றைக் கொண்டுள்ளது. அத்திறவுகோலின் சுருக்கம் 'விரலடையாளம்' எனப்படும். முதன்முறை இணையும்போது, எதிர்ப்பொறியின் விரலடையாளம் இதுவே, இதனை ஏற்கின்றீரா என்று எமது நிரல் வினவுகின்றது. ஏற்பதற்குமுன் அதனை உண்மையான அடையாளத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். டெபியன் நிறுவியும் இதனை உணர்ந்தே, தொலை உரையாடலைத் தொடக்குமுன் தனது விரலடையாளத்தைக் காட்டுகின்றது. எங்கே காட்டுகின்றது என்பதிலேதான் முரண்பாடு அமைந்துள்ளது. இல்லாத திரையில் அது காட்டுகின்றது!

திரை வெறும் காட்சிச் சாதனமன்று, அது ஒரு சாட்சியாகவும் விளங்கிற்று என்பது இவ்விடத்தில் தெளிவாகின்றது. எமது கண்ணுக்கும் பொறிக்கும் இடையே வேறெவரும் இல்லை என்ற உறுதியை அது தந்தது. திரையை அகற்றும்போது சாட்சியும் அகன்றுவிடுகின்றது. அதற்குப் பதிலாக வேறொரு சாட்சியை நிறுத்துதல் வேண்டும். பொறியின் தொடர் துறையில் ஒரு வடத்தைப் பொருத்தி அதன்வழி விரலடையாளத்தைப் படிக்கலாம். எமது பொதுத் திறவுகோலை விடைக்கோப்பினுள் முன்னரே வைத்து, கடவுச்சொல் வழங்குவதையே தவிர்க்கலாம். இவை எதுவுமின்றி வினாவுக்கு 'ஆம்' என விடையிறுத்துச் செல்வோரே பெரும்பாலார். அது பெரும்பாலும் தீங்கின்றி முடிவது உண்மையே. எனினும் தீங்கு நேராமையை அறிவுக்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

முதற் கட்டளை பற்றிய இக்கேள்வி அலட்சியப்படுத்தப்பட்டதன் விளைவு 2016 இல் வெளிப்பட்டது. திரையற்ற இணையக் கமராக்களும் வீட்டு வழிப்படுத்திகளும் தொழிற்சாலையில் இடப்பட்ட பொதுவான கடவுச்சொற்களுடனேயே விற்கப்பட்டிருந்தன. மிராய் என்னும் தீநிரல் அச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே பெருந்தொகையான கருவிகளைக் கைப்பற்றியது. உரிமையாளர்களோ எதனையும் அறிந்திலர். அறிவதற்கு அவர்களிடம் திரை இருக்கவில்லை.

2012 இல் பிரித்தானியாவில் வெளியான ராஸ்பெரி பை என்னும் மலிவுக் கணினியின் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அதன் முறைமையில் எல்லோர்க்கும் பொதுவான பயனர்ப் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. 2016 நவம்பரில் அதன் எஸ்.எஸ்.எச். சேவை இயல்பாக முடக்கப்பட்டது. வேண்டுவோர், முறைமை எழுதப்பட்ட அட்டையின் தொடக்கப் பகுதியில் 'எஸ்.எஸ்.எச்.' என்று பெயரிட்ட வெற்றுக் கோப்பொன்றை இட்டு அதனைத் திறந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. 2022 ஏப்ரலிற் பொதுப் பயனர்ப் பெயரும் நீக்கப்பட்டது. வெற்றுக் கோப்பில் ஓரெழுத்தும் இல்லை. எனினும் அதனை இடுவதற்கு அட்டை ஒருவரது கையில் இருத்தல் வேண்டும். பொருளைக் கையில் வைத்திருப்பதே முதற் கட்டளைக்குரிய தகுதி என்ற எளிய, நேர்மையான தத்துவம் இதில் அடங்கியுள்ளது.

6

பொருளைக் கையில் வைத்திருத்தல் எப்போதும் போதுமானதா? இதனை ஆராய்வதற்குக் குறிப்பான நிகழ்வொன்றை எடுத்துக்கொள்வோம்.

2004 இல் லிங்க்சிஸ் நிறுவனம் என்.எஸ்.எல்.யு.2 என்னும் சிறு கருவியை விற்பனைக்கு விட்டது. யு.எஸ்.பி. வன்றட்டுக்களை வீட்டு வலையமைப்பிற் பகிர்வதே அதற்கு விதிக்கப்பட்ட பணி. திரைக்கோ விசைப்பலகைக்கோ உரிய துறை அதில் இல்லை. இரண்டு யு.எஸ்.பி. துறைகளும் ஓர் ஈதர்நெற் துறையும் மட்டுமே இருந்தன. ஆனால் உள்ளே இருந்ததோ 32 மெகாபைற் நினைவகமும் 8 மெகாபைற் நிலைநினைவகமும் இன்ரெல் செயலியும் கொண்ட முழுமையானதொரு கணினி. அது இயங்கியதும் லினக்ஸ் கருநிரலின் மீதேயாகும். அக்கருநிரலின் உரிமம் மூலநிரலை வெளியிடுமாறு விற்பனையாளரைக் கட்டுப்படுத்துவது. மூலநிரல் வெளிவந்ததும் கருவியை வாங்கியோர் பலர் ஒன்றுகூடி, விதிக்கப்பட்ட ஒரே பணியிலிருந்து அதனை விடுவிக்க முனைந்தனர். 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் நான்காம் பதிப்பு இக்கருவியையும் ஆதரித்தது.

நிறுவல் நடைபெற்ற முறை சுவையானது. விற்பனையாளர் தமது நிலைபொருளைப் புதுப்பிப்பதற்கென வைத்திருந்த வலைப்பக்கத்தின் ஊடாகவே டெபியன் நிறுவி உள்ளே செலுத்தப்பட்டது. கருவி மீண்டும் தொடங்கும்போது, முன்னர் சேமிக்கப்பட்டிருந்த வலையமைப்புத் தகவல்களை நிறுவி படித்தறிந்து, அதே முகவரியில் எஸ்.எஸ்.எச். வாயிலைத் திறந்து காத்திருந்தது. பயனர் தனது மேசையிலிருந்து 'நிறுவுநர்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் உள்நுழைந்து, வினாக்களுக்கு விடையளித்து, யு.எஸ்.பி. வன்றட்டில் முறைமையை நிறுவினார். நினைவகம் சிறிதாகையால் வேலை முடியப் பல மணிநேரம் சென்றது. அவ்வளவு நேரமும் அந்தக் கருவி வெளிப்படுத்திய அடையாளம் சில விளக்குகளின் மினுக்கம் மட்டுமே.

இம்முயற்சிக்குத் தடையாக நின்றது திரையின்மையன்று. ஈதர்நெற் துறையை இயக்கும் சிறு நுண்நிரலொன்று இன்ரெல் நிறுவனத்தின் கட்டுப்பாடான உரிமத்துக்கு உட்பட்டிருந்தது. தனது உத்தியோகபூர்வ நிறுவியிற் சுதந்திர மென்பொருளை மட்டுமே அக்காலத்தில் ஏற்ற டெபியனால் அதனை அதிற் சேர்க்க இயலவில்லை. வெளியுலகுடன் பேச ஒரேயொரு வாயிலையுடைய பொறியில், அந்த வாயிலின் தாழ்ப்பாள் மட்டும் பிறரது உடைமையாக இருந்தது. ஆகவே நுண்நிரலைச் சேர்த்த படிகளைத் தன்னார்வலர் திட்டத்துக்கு வெளியே தனியாக வழங்கவேண்டியதாயிற்று. பணம் கொடுத்து வாங்கியவரிடம் பொருள் இருந்தது, கருநிரலும் இருந்தது, ஆனால் அவற்றை இணைக்கும் சிறு கண்ணி இருக்கவில்லை. உடைமையும் கட்டுப்பாடும் ஒன்றல்ல என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. விற்பனையாளர் உற்பத்தியை நிறுத்தியபின்னும் பல ஆண்டுகள் இக்கருவி பயன்பட்டதற்குக் காரணம் அந்தத் தன்னார்வலரின் கூட்டுழைப்பேயாகும்.

7

பெரும் தரவு நிலையங்களில் உள்ள சேவையகங்களில் இப்பிரச்சினை வேறு வடிவம் பெறுகின்றது. அவற்றின் தாய்ப்பலகையில் மேற்பார்வைக் கட்டுப்படுத்தி என்னும் தனியான சிறு கணினி பதிக்கப்பட்டுள்ளது. பெரிய கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் மின்வடம் பொருத்தியுள்ளவரை இது விழித்திருக்கும். இதற்குத் தனியான வலையமைப்பு முகவரி உண்டு. இதன் ஊடாகத் தொலைவிலிருந்தே மின்னை நிறுத்தலாம், ஊட்டலாம். பெரிய கணினியின் தொடக்கத் திரையை எமது திரையிற் காணலாம். எமது கணினியில் உள்ள நிறுவல் வட்டை அங்கே செருகியதுபோற் காட்டலாம். இவற்றுட் கண்காணிப்பு, மின்கட்டுப்பாடு போன்ற அடிப்படைச் செயல்களுக்கான பொது நியமம் 1998 இல் இன்ரெல் உள்ளிட்ட நிறுவனங்களால் ஐ.பி.எம்.ஐ. என்ற பெயரில் வெளியிடப்பட்டது. இவ்வசதி உள்ளவிடத்துத் திரையில்லா நிறுவல் மிக எளிதாகிவிடுகின்றது.

ஆனால் எளிமைக்கு ஒரு விலையுண்டு. மேற்பார்வைக் கட்டுப்படுத்தி பணிசெயல் முறைமைக்கும் கீழே அமைந்திருப்பது. அதனுள் நிகழ்வது எதுவும் மேலேயுள்ள முறைமைக்குப் புலப்படுவதில்லை. அதில் இயங்கும் நிரல் பெரும்பாலும் மூடிய நிரல். 2013 இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் பாமர், இந்நியமத்திலும் அதன் நடைமுறையிலும் காணப்பட்ட பாரதூரமான பலவீனங்களைச் சுட்டிக்காட்டினார். கடவுச்சொல்லின் மறைகுறிச் சுருக்கத்தைக் கேட்டவர்க்கெல்லாம் வழங்கிவிடும் வழு அவற்றுள் ஒன்று. மேலே எத்தகைய சுதந்திர முறைமையை நிறுவினாலும், அதற்குக் கீழே வேறொருவர் முதற் கட்டளையை இடக்கூடுமாயின் எமது சுதந்திரம் வரையறுக்கப்பட்டதே. ஆகவே இக்கட்டுப்படுத்தியைப் பொது இணையத்துக்கு ஒருபோதும் திறந்துவிடலாகாது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுதல் வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடுகளும் தோல்வியுறும் தருணங்கள் உள. வடம் கழன்றிருக்கும். வன்றட்டு பழுதாகியிருக்கும். அப்பொழுது ஒரு மனிதர் எழுந்து சென்று பொறியைத் தொட்டாக வேண்டும். தரவு நிலையங்கள் இச்சேவையை வாடிக்கையாளர்க்கு விற்பனை செய்கின்றன. தொழில்வழக்கில் இதற்கு வழங்கும் பெயர் 'தொலைக் கைகள்' என்பதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஆலை முதலாளிகள் தமது தொழிலாளரைக் 'கைகள்' என்றே அழைத்தனர். 1854 இல் வெளியான தமது ஹார்ட் ரைம்ஸ் நாவலில் டிக்கன்ஸ் அச்சொல்வழக்கின் கொடுமையைக் கவனப்படுத்தினார். நூற்றாண்டு மாறியும் சொல் மாறவில்லை. தலையற்ற பொறிகளின் நடுவே, தலை கணக்கில் எடுக்கப்படாத கைகள்!

மனிதர்க்கிடையிலான உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த மூலதனம் முதற் பாகத்தில் விளக்கினார். தொலைவிலிருந்து ஒரு பொறியை ஆளுகின்றோம் என்ற எண்ணம் இத்தோற்றப்பாட்டின் அண்மைக்கால வடிவங்களுள் ஒன்றெனலாம். 'முகில்' என்ற சொல் அதனை மேலும் மங்கலாக்குகின்றது. முகிலுக்கு உடைமையாளர் இல்லை, உழைப்பாளர் இல்லை. ஆனால் சேவையகத்துக்கு இருவரும் உண்டு.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, திரையில்லாப் பொறியில் முறைமையொன்றை நிறுவ முற்படுவோர் நான்கு வினாக்களுக்கு முற்கூட்டியே விடை கண்டிருத்தல் வேண்டும் எனலாம். பொறியின் முதல் நிரலை யார் தருகின்றார்? அவர் உரியவர்தான் என்பதற்குத் திரைக்குப் பதிலாக யாது சாட்சி? இணைப்பு அறுந்து பொறி மௌனமானால் மீள்வழி யாது? அம்மீள்வழியிற் கைவைக்கப்போகும் மனிதர் யார்? முதலிரண்டும் அதிகாரம் பற்றியன. பின்னிரண்டும் உழைப்பு பற்றியன. நான்கில் ஒன்றுதானும் திரை பற்றியதன்று.

எமது நூல்களும் இதழ்களும் எண்ணிம வடிவிற் சேகரிக்கப்பட்டுவருவது பெருமைக்குரியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகம், படிகள் பலவாகப் பல்வேறு இடங்களில் இருத்தலின் இன்றியமையாமையை நன்கறியும். ஆனால் படிகளைப் பெருக்குவது பணியின் பாதியே. அவற்றைத் தாங்கும் பொறி பழுதாகும் நாளில், எவரது அனுமதிக்கும் காத்திராது அதனை மீண்டும் நிறுவக்கூடிய அறிவு எம்முட் சிலரிடமாவது இருத்தல் வேண்டும். அவ்வறிவு ஓரிருவரின் தனிச்சொத்தாக இராது, தமிழில் எழுதப்பட்டுப் பலரின் பொதுச்சொத்தாகவும் ஆதல் வேண்டும். நிறுவியின் எழுத்து முகப்பில் தமிழுக்கு இன்னும் இடமில்லாதிருக்கலாம். அதனை இயக்குவது எவ்வாறு என்பதைத் தமிழில் விளக்கி வைப்பதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை.